திடலும் கள்ளுக்கடையும்: பேராக் தோட்டப்புறத்தில் காற்பந்து, மது, பொதுவிடம்

முன்னுரை

2022ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், கத்தாரில் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி தொடங்க இரண்டு நாள்களே இருந்த நிலையில், எட்டு அரங்குகளின் சுற்றுப்புறத்திலும் பியர் விற்கப்படமாட்டாது என அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஊடகங்களில் இச்செய்தி பெரிதும் பேசப்பட்டது. பணிநிமித்தம் அயல்நாடுகளில் வாழும் ஆங்கிலேயர் பலர், ஊரில் இருந்தால் இந்நேரம் மதுவகத்தில் நண்பர்களோடு அமர்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்போம் என ஏங்குவது நாம் அறிந்த ஒன்றே. அதே நாள்களில் டோகாவின் ஆசிய நகர்ப் பகுதியிலுள்ள கிரிக்கெட் அரங்கில் பெருந்திரை அமைக்கப்பட்டிருந்தது. அந்நாட்டின் அரங்குகளையும் சாலைகளையும் கட்டிய தென்னாசியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்கே கூடி ஆட்டம் பார்த்தனர். அவர்கள் தம் ஊரின் எதனை நினைத்து ஏங்கினர் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் ஒருவர் விளையாட்டைப் பார்க்கும்போது எதை இழந்துவிட்டதாக உணர்கிறார்? மதுவையா, மது இருந்த இடத்தையா? இவ்வினாவிற்கு விடை தேட நாம் கத்தார் வரை செல்ல வேண்டியதில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆங்கிலேயத் தோட்டத் துரைமாரும் தமிழகத்துத் தொழிலாளரும் ஒரே மண்ணில் வாழ்ந்த பேராக் மாநிலமே அதற்குத் தக்க களமாகும். அங்குக் காற்பந்தும் மதுவும் எவ்வாறு அருகருகே அமைந்தன, அவற்றை யார் கட்டுப்படுத்தினர், தோட்டங்கள் மறைந்தபோது எது போயிற்று என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொது இல்லமும் பொதியிலும்

'பப்' என ஆங்கிலேயர் சுருக்கி வழங்கும் சொல்லின் முழுவடிவம் 'பொது இல்லம்' என்னும் பொருள் தருவது. பழந்தமிழில் ஊரார் கூடும் பொது இடத்தைக் குறித்த 'பொதியில்' என்னும் சொல்லும் பொது, இல் என்னும் இரு சொற்களால் ஆனதே. சொல்லமைப்பில் இரண்டும் ஒன்றாயினும் பொருளில் இரண்டும் வேறு. பொதியில் என்பது மன்றத்தைப் போன்று மக்கள் கூடிப் பேசும் இடம், மதுவகம் அன்று. எனினும் இரு சமூகங்களும் வீட்டிற்கு வெளியே, தொழிலிடத்திற்கும் வெளியே, மூன்றாவதான ஓர் இடத்தைப் பெயரிட்டுப் போற்றியமை நோக்கத்தக்கது.

மது பற்றிய சொல்வளமும் தமிழில் குறைவன்று. கள், நறவு, தேறல், பிழி, தோப்பி எனச் சங்க இலக்கியம் பல பெயர்களைத் தருகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பட்டியலிடும்போது கள் விற்கும் கடையின் கொடியையும் சேர்த்தே கூறுகிறது. பின்னர் வந்த திருக்குறள் தன் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கென ஒதுக்கியது. கள்ளைப் பாடிய மரபும் கள்ளைக் கடிந்த மரபும் நம்மிடம் உண்டு. கள்ளுக்கடையை ஓர் இடமாக, அதாவது மக்கள் ஒருவரையொருவர் சந்தித்துக்கொண்ட ஒரு களமாக, ஆராயும் மரபு மட்டும் போதிய அளவு வளரவில்லை.

மதுவகமும் காற்பந்தும் இணைந்த முறை

இங்கிலாந்தில் இவ்விரண்டும் இணைந்ததற்குச் சுவை மட்டும் காரணமன்று. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் சனிக்கிழமைப் பிற்பகல் 2 மணிக்கு வேலையை முடிக்குமாறு வரையறுத்தது. பிற தொழில்களுக்கும் அவ்வழக்கம் மெல்லப் பரவியது. தொழிலாளர் கையில் வாரக்கூலியும் ஓர் அரைநாள் ஓய்வும் கிடைத்தன. சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டம் என்னும் வழக்கம் அதிலிருந்து பிறந்தது. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 1863ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் தோன்றியதும் இலண்டன் நகரத்து மதுவகம் ஒன்றிலேயே ஆகும்.

லிவர்பூல் நகரத்து எடுத்துக்காட்டு நம் பொருளுக்கு மிகவும் பயன்படுவது. எவர்டன் கழகம் தொடக்கத்தில் ஆன்ஃபீல்டு திடலில் ஆடிவந்தது. ஜான் ஹோல்டிங் என்னும் மதுவடிப்பாளர் அத்திடலின் மீது உரிமை செலுத்தி வந்தார். அருகிலிருந்த சாண்டன் விடுதியும் அவருடையதே. ஆட்டக்காரரும் பார்வையாளரும் அவரது திடலில் ஆடி, அவரது மதுவை அருந்தினர். வாடகை முதலியவற்றால் எழுந்த பூசலில் 1892ஆம் ஆண்டு எவர்டன் கழகம் அத்திடலை விட்டு வெளியேறி வேறு திடலுக்குச் சென்றது. வெறுமையான திடலுக்கென ஹோல்டிங் தோற்றுவித்ததே லிவர்பூல் கழகம். திடலுக்கும் மதுக்கடைக்கும் உரிமையாளர் ஒருவரே. ஆயினும் அவரைப் பிடிக்காத கழகத்தால் வெளியேற முடிந்தது. பேராக் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது இக்கருத்தை நினைவில் கொள்ளவேண்டும்.

மேலும் ஒரு செய்தியும் உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் உயர்நிலைக் காற்பந்து அரங்குகளில், ஆட்டம் கண்ணுக்குத் தெரியும் இருக்கையில் அமர்ந்து மது அருந்துவதற்குத் தடை உள்ளது. ஆகவே அயல்நாட்டில் பியருக்காக ஏங்கும் ஆங்கிலேயர், தம் நாட்டின் அரங்கிலேயே பியரைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வாட்டத்தைக் காண இயலாது. அவரது ஏக்கம் அரங்கைப் பற்றியதன்று. ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு கூடத்தைப் பற்றியதாகும்.

ஈப்போ பாடாங்: ஒரு திடல், பல வாயில்கள்

பேராக்கிற்கு வந்த ஆங்கிலேயர் அக்கூடத்தைக் கையோடு கொண்டுவர முயன்றனர். ஈப்போ கிளப் 1895ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கருமரச் சட்டங்களும் வெண்சுவரும் கொண்ட பழைய ஆங்கிலேய வீட்டுப் பாணியில் அதன் கட்டடம் இன்றும் நிற்கிறது. வெப்ப நாட்டிற்குப் பொருந்தாத அக்கட்டடக் கலையே ஏக்கத்தின் வெளிப்பாடு எனலாம். அதன் முன்னுள்ள திடலாகிய பாடாங், விக்டோரியா பேரரசியின் வைரவிழாவை ஒட்டிச் சீனச் சமூகத்தார் நகருக்கு வழங்கியதாகும். 1906ஆம் ஆண்டு ஹைனானியர் தொடங்கிய எஃப்.எம்.எஸ். மதுவகமும் பின்னர் இத்திடலின் ஓரத்திற்கு வந்து சேர்ந்தது. ஈயச் சுரங்கத்தாரும் தோட்டத் துரைமாரும் அங்குக் கூடினர். அவர்கள் விரும்பிய பானத்தின் பெயரான 'ஸ்டெங்கா', பாதி என்னும் பொருள்படும் மலாய்ச் சொல்லின் திரிபு. பாதி விஸ்கி, பாதி சோடா என்பது அதன் கலவை. பியரும் தொடக்கத்தில் கப்பலில் வந்து இறங்கியது. 1930களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் வடிப்பாலைகள் எழுந்த பின்னரே அது உள்ளூர்ப் பொருளாயிற்று.

இத்திடலைச் சுற்றி வேறு வாயில்களும் இருந்தன. 1908ஆம் ஆண்டு இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் இதன் ஓரத்தில் எழுந்தது. செயின்ட் மைக்கேல் பள்ளியும் இத்திடலையே நோக்கியுள்ளது. ஒரே புல்வெளியைச் சுற்றி ஆங்கிலேயரின் கிளப்பும், ஹைனானியரின் மதுவகமும், தமிழ் முஸ்லிம்களின் தொழுகையிடமும், மாணவர்களின் பள்ளியும் அமைந்தன. திடலில் பலரும் ஆடலாம். ஆட்டம் முடிந்தபின் எவர் எந்த வாயிலில் நுழையலாம் என்பதை இனமே முடிவு செய்தது.

1921ஆம் ஆண்டு 'மலாயா' என்னும் பெயர் தாங்கிய போர்க்கப்பல் இந்நாட்டிற்கு வருகை தந்தது. அதன் நினைவாக வழங்கப்பட்ட மலாயா கிண்ணப் போட்டியும் இதே நிலையைக் காட்டுகிறது. அப்போட்டிக்கான மாநில அணிகளில் ஐரோப்பியரும் ஆசியரும் ஒருங்கே ஆடினர். பேராக் அணி 1926ஆம் ஆண்டிலும் 1931ஆம் ஆண்டிலும் அக்கிண்ணத்தை வென்றது. ஆடுகளத்தில் ஒருவருக்கொருவர் பந்தைக் கடத்திய கால்கள், ஆட்டம் முடிந்தபின் வெவ்வேறு கூடங்களுக்கு நடந்தன. 'பொது இல்லம்' என்னும் பெயரில் இங்கிலாந்தில் இருந்தது, கடல் கடந்து வந்தபோது உறுப்பினர்க்கு மட்டுமே உரிய இல்லமாயிற்று.

பள்ளிப் பெயர்ப்பலகையில் ஓர் ஏக்கம்

துரைமாரின் ஊர்நினைவு மதுக்கூடத்தோடு நிற்கவில்லை. தாம் திருத்திய காடுகளுக்குத் தம் ஊர்ப்பெயர்களையே இட்டனர். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் பத்து காஜா அருகே அமைத்த தோட்டத்திற்கு, தாம் பிறந்த பகுதியின் பெயரால் கிந்தா கெல்லாஸ் எனப் பெயர் வழங்கியது. அவர் தொடங்கிய மாளிகையின் பணி, 1926ஆம் ஆண்டு அவர் லிஸ்பனில் மறைந்ததும் நின்றுபோயிற்று. அங்குப் பணிபுரிந்த தமிழர்க்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் மேற்புறத்தில், தொப்பியணிந்த அவரது உருவமும் தெய்வ உருவங்களோடு நிற்கிறது.

சிம்மோர் பகுதியின் ஸ்ட்ராத்தைலா, ஸ்காட்லாந்தின் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. சுங்கை சிப்புட் பகுதியின் டோவன்பி, வட இங்கிலாந்தின் ஒரு சிற்றூர். பாரிட் பகுதியின் கிளெனீலி, அயர்லாந்தின் ஒரு சிற்றூர். இப்பெயர்களைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் ஏற்றன. எனவே யாரோ ஒரு துரையின் ஊரேக்கம் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் நிலைபெற்றது. அதே தோட்டத்தில் பால்வெட்டிய தொழிலாளி தஞ்சையிலோ சேலத்திலோ வட ஆர்க்காட்டிலோ விட்டு வந்த ஊரின் பெயர் எந்தப் பலகையிலும் ஏறவில்லை. ஏக்கம் இருவர்க்கும் பொதுவாயினும் அதைப் பதிவு செய்யும் உரிமை ஒருவர்க்கே இருந்தது.

தோட்டத்துத் திடலும் கள்ளுக்கடையும்

தோட்டத்தின் நாள் விடியலுக்கு முன் பிரட்டுக் களத்தில் தொடங்கியது. பால்வெட்டும் பணியும், பாலைச் சேர்த்து நிறுக்கும் பணியும் நண்பகலை ஒட்டி முடிந்தன. பிற்பகல் ஓய்வுக்குப்பின் மாலைப்பொழுது மிஞ்சியது. இங்கிலாந்துத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை அரைநாள் எதுவோ, தோட்டத் தொழிலாளிக்கு அம்மாலைப் பொழுது அது. அம்மாலையை நிரப்ப இரண்டு இடங்கள் அமைந்தன. ஒன்று திடல், மற்றொன்று கள்ளுக்கடை.

திடல் பெரும்பாலும் லயங்களுக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் அண்மையில் இருந்தது. தோட்டங்களுக்கிடையே காற்பந்துப் போட்டிகள் நடைபெற்றன. கிராணியின் மகனும் வெட்டுக்காரரின் மகனும் ஒரே அணியில் ஆடக் கூடிய இடம் அதுவே. கங்காணியின் அதிகாரமும் சாதி வேறுபாடும் அங்கு முற்றாக மறைந்தன எனக் கூறுதல் மிகையாகும். எனினும் பந்து யாரிடம் செல்லவேண்டும் என்பதைக் காலின் திறனே முடிவு செய்தது. தோட்டத்தில் வேறெதுவும் அவ்வாறு முடிவு செய்யப்படவில்லை.

கள்ளுக்கடையோ வேறு வகையினது. அதனை நடத்தும் உரிமம் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தது. மாலையில் வரையறுத்த நேரத்தில் அது திறக்கப்பட்டது. வெளியில் கிடைக்கும் சம்சு என்னும் கடுமதுவைவிடக் கள் தீங்கு குறைந்தது என்பதும், கடை தோட்டத்திற்குள் இருந்தால் தொழிலாளர் வெளியே செல்லமாட்டார்கள் என்பதும் நிருவாகத்தார் கூறிய காரணங்கள். கொடுத்த கூலியில் ஒரு பகுதி அதே தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே திரும்பியது என்பது அவர்கள் உரக்கக் கூறாத காரணம். தென்னங்கள் தமிழகத்து நினைவை எழுப்பியிருக்கலாம். அந்நினைவிற்கு விலை வைத்தது நிருவாகம்.

இங்குதான் லிவர்பூல் எடுத்துக்காட்டு பொருந்தியும் பொருந்தாமலும் நிற்கிறது. தோட்டத்திலும் திடலுக்கும் மதுக்கடைக்கும் உரிமையாளர் ஒருவரே. ஆனால் தோட்டத்து அணிக்கு வேறொரு திடலுக்குச் செல்லும் வழி இருக்கவில்லை. வீடும் பள்ளியும் கோயிலும் மருந்தகமும் அதே உரிமையாளரின் நிலத்தில் இருந்தன. திடலை விட்டு நீங்குவது தோட்டத்தையே விட்டு நீங்குவதாகும்.

கள்ளெதிர்ப்பும் தன்மான உணர்வும்

கள்ளுக்கடையை எதிர்த்து எழுந்த குரல்களுள் பேராக்கிற்கு ஒரு தனியிடம் உண்டு. பெரியார் ஈ.வெ.ராமசாமி தம் முதல் மலாயாப் பயணத்தின்போது, 1929ஆம் ஆண்டு டிசம்பரில் ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். அதன்பின் சீர்திருத்தச் சங்கங்கள் பல ஊர்களில் வேரூன்றின. மது ஒழிப்பு அவற்றின் பணிகளுள் ஒன்றாயிற்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒன்று. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்குவதும் அதே பட்டியலில் இடம்பெற்றது. இவ்விரு கோரிக்கைகளும் அருகருகே நின்றது தற்செயலன்று. பொதுவழியில் தலைநிமிர்ந்து செல்லும் உரிமையைக் கேட்டவர்களே, நிருவாகம் திறந்து வைத்த மதுக்கடையையும் மூடச் சொன்னார்கள். 1947ஆம் ஆண்டு கெடாவில் ஏ.எம்.சாமியின் தலைமையில் இயங்கிய தொண்டர் படையின் கள்ளெதிர்ப்பு, ஹார்வார்ட் தோட்டத்தில் மோதலாக முற்றியது.

இவ்வெதிர்ப்பின் நியாயத்தை மறுக்க இயலாது. கூலியில் பெரும்பங்கைக் கள்ளுக்கு ஈந்த குடும்பங்களில் பெண்களும் குழந்தைகளும் பட்ட துன்பத்தை மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. கள் போன பின் வந்தது அதனினும் கொடிது. மலிவான சம்சுவின் தீமையை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலம் பரப்புரை செய்தது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நச்சுச்சாராயம் கலந்த மதுவை அருந்திப் பலர் மாண்டனர். ஆகவே கள்ளுக்கடையை இனிய நினைவாக மட்டும் தீட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆயினும் கள்ளுக்கடையைக் கண்டித்த எழுத்துகள் மிகுந்த அளவிற்குத் திடலைப் பற்றிய எழுத்துகள் மிகவில்லை. தோட்ட வாழ்வு என்றாலே வறுமை, குடி, அடிமைத்தனம் என்னும் ஓர் ஓவியம் நிலைபெற்றுவிட்டது. அவ்வோவியம் பொய்யன்று. ஆனால் அதில் மாலைநேரத் திடலுக்கு இடமில்லாமல் போயிற்று.

பெண்களும் திடலும்

திடலைப் போற்றும்போது மற்றொன்றையும் கூறவேண்டும். அது பெரிதும் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. சங்க இலக்கியத்தில் பந்து மகளிர்க்குரிய விளையாட்டு. தோட்டத்திலோ பந்து ஆண்மக்களிடம் சென்றுவிட்டது. பால்வெட்டில் ஆணுக்கு நிகராக உழைத்த பெண்ணுக்கு மாலைப்பொழுது ஓய்வாக அமையவில்லை; சமையலும் துணிதுவைத்தலும் பிள்ளைகளும் காத்திருந்தன. குழாயடியும் கோயிலும் ஆயாக் கொட்டகையின் வாயிலுமே அவள் பிற பெண்களைச் சந்தித்த இடங்கள். எனவே ஆடவர் நினைவில் பொதுவிடமாக விளங்கும் திடல், பெண்டிர் நினைவில் எவ்வாறு விளங்குகிறது என்பதைத் தனியே கேட்டறிதல் வேண்டும். ஒரு குடும்பத்திலேயே தந்தை திடலையும் தாய் குழாயடியையும் இழந்ததாகக் கூறக்கூடும்.

இடப்பெயர்வுக்குப் பின்

1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் தலைமையில் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் இரப்பர் சரிந்து செம்பனை பெருகியது. செம்பனைக்கு வேண்டிய ஆள்கள் குறைவு. அவ்விடங்களுக்கும் அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் தோட்ட நிலத்தை நாடின. தோட்டத்தை விட்டு வெளியேறியோர் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் குடியேறினர். எவர்டன் கழகம் தானே முடிவெடுத்துத் திடலை விட்டுச் சென்றது. தோட்டத்து மக்களுக்காக அம்முடிவை எடுத்தவர் நில உரிமையாளர்.

இழப்பீடு பேசப்பட்ட இடங்களில் வீடு பேசப்பட்டது, கோயில் பேசப்பட்டது, பள்ளியும் பேசப்பட்டது. திடல் பேசப்படுவது அரிது. அது எவர் பெயரிலும் இல்லாத, கட்டடம் ஏதுமற்ற வெற்றுநிலம். கணக்கில் அதற்கு மதிப்பில்லை. ஆனால் ஐந்து மணிக்கு ஒருவர் எதுவும் சொல்லாமல் நடந்து சென்றால் அங்கே இருபது பேர் இருப்பார்கள் என்னும் உறுதி அந்நிலத்தில்தான் இருந்தது. அடுக்குமாடியில் அவ்வுறுதி இல்லை. இளைஞர் கூடுவது வாகன நிறுத்துமிடத்திலோ கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையிலோதான். அங்கே கூடினால் அவர்கள் ஐயத்திற்கு உள்ளாகின்றனர். கள்ளுக்கடைக்கு மாற்றாக வேறு மது கிடைத்துவிட்டது. திடலுக்கு மாற்றுக் கிடைக்கவில்லை. இழக்கத்தக்கது நிலைபெற, காக்கத்தக்கது மறைந்தது.

மாமாக் கடையின் பெருந்திரை

இன்று பேராக் இளைஞர் பலர்க்குக் காற்பந்து என்பது பார்க்கும் பொருளாகிவிட்டது. 1996ஆம் ஆண்டு ஆஸ்ட்ரோ துணைக்கோள் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர், இங்கிலாந்துப் பிரிமியர் லீக் ஆட்டங்கள் மாமாக் கடைகளின் பெருந்திரைகளில் இடம்பெறலாயின. இங்கிலாந்தில் சனிக்கிழமை மாலை 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கு இரவு 10 அல்லது 11 மணிக்குத் தெரியும். தமிழ் முஸ்லிம் மரபில் வந்த அக்கடைகளில் மது இல்லை. தே தாரிக்கும் ரொட்டி சானாயும் உண்டு. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே திரையின் முன் அமர்கின்றனர். ஈப்போவில் ஓய்வுக்கால வாழ்வைக் கழிக்கும் ஆங்கிலேயர், பியர் வேண்டுமெனில் சீனர் கோப்பிக் கடைக்கோ மதுவகத்திற்கோ செல்லலாம்; கூட்டம் வேண்டுமெனில் மாமாக் கடைக்கு வரலாம்.

பியரின்றியும் காற்பந்து இரசிகர் கூட முடியும் என்பதற்கு இக்கடைகளே சான்று. இணைத்தது மதுவன்று, இடமே என்னும் நம் கருத்தை இது வலுப்படுத்துகிறது. எனினும் மாமாக் கடை திடலுக்கு ஈடாகாது. அங்கே இரசிகர் மட்டுமே உண்டு, ஆட்டக்காரர் இல்லை. திடலில் பந்து யாரிடமும் வரலாம். திரையிலிருந்து அது வருவதில்லை.

மாநில அணியின் நிலையும் எண்ணத்தக்கது. 2018ஆம் ஆண்டு மலேசியக் கிண்ணத்தை வென்று ஈப்போ மக்களை மகிழ்வித்த பேராக் கழகம், 2025ஆம் ஆண்டில் நிதி நெருக்கடியால் மலேசிய சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. ஆயிரங்கல் தொலைவிலுள்ள கழகத்தின் ஆட்டம் கைக்கெட்டும் திரையில் தெரிய, உள்ளூர் அணி தளர்ந்தது.

முடிவுரை

பியருக்காக ஏங்கும் ஆங்கிலேயரைக் கண்டு நகைப்பதற்கில்லை. அவர் நினைப்பது தம்மை அறிந்தோர் கூடும் இடத்தை. அவ்வேக்கத்தைக் கட்டடமாகவும் ஊர்ப்பெயராகவும் பேராக் மண்ணில் பதிக்க அவர் முன்னோர்க்கு இயன்றது. அதே மண்ணில் நம் முன்னோர் உருவாக்கிக்கொண்ட பொதுவிடம் பிறர் நிலத்தில் இருந்தமையால் ஆவணமின்றி மறைந்தது.

அதனைப் பதிவு செய்யும் வாய்ப்பு இன்னும் முற்றாகக் கைநழுவவில்லை. நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராக். அங்கு 130க்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளன. தோட்டப் பெயரைத் தாங்கிய ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியரும் மாணவரின் தாத்தா பாட்டியரிடம் சில வினாக்களை எழுப்பலாம். திடல் எங்கே இருந்தது? அதற்கு ஏதேனும் பெயர் உண்டா? எந்தத் தோட்டங்களோடு ஆட்டம் நடந்தது? பந்து வாங்கப் பணம் தந்தவர் யார்? கள்ளுக்கடை எப்போது மூடப்பட்டது, மூடச் சொன்னவர் யார்? அம்மாலைப் பொழுதில் பெண்கள் எங்கே இருந்தனர்? விடைகளை அவர்கள் கூறும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுதல் நன்று. பிரட்டு, லயம், ஆயாக் கொட்டகை, மண்டோர் போன்ற சொற்களை அகராதிகளில் தேடுவோர் நாளை உண்டு. அவற்றை நாவால் வழங்கியோர் குறைந்து வருகின்றனர்.

பள்ளி இடம்மாறும்போது கட்டடத்தின் பரப்பைக் கணக்கிடுவதுபோல் திடலின் பரப்பையும் கணக்கிட்டுக் கேட்பது பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் கடமையாகும். தனியார் நிலத்தில் இயங்கும் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு இது இன்னும் இன்றியமையாதது. நிலப்பட்டாவில் திடலும் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.